அடைக்கோழிக்குக் கீழே கார் சீட்டு ஸ்பாஞ்சு

கோழிப்பேன் தொல்லை என்று கூப்பிட்டதால் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணை மூலையில் கூடை, அதில் அடைக்கோழி. தூக்கிப் பார்த்தால் பதினோரு முட்டைக்கும் கீழே வைக்கோலும் இல்லை, மணலும் இல்லை. பழைய கார் சீட்டிலிருந்து பிய்த்த மஞ்சள் ஸ்பாஞ்சு. விரலால் நசுக்கினேன், மாவாக உதிர்ந்தது.

"மெத்துன்னு சூடு நிக்குமேன்னு போட்டேன் சார்" என்றார் அந்த அம்மா. சூடு நிற்கும்தான்.

பழைய சோபா, வண்டி சீட்டு, டிவியின் பின்மூடி போன்றவை சட்டென்று தீப்பிடிக்காமலிருக்க புரோமின் ரசாயனங்களைக் கலந்தார்கள். அதில் பேர்போனது பி.பி.டி.இ. வகை. மிக்சரில் தூவிய உப்பு மாதிரி சும்மா கலந்து கிடக்கும், அதனால் பொருள் பழசாகப் பழசாகத் தூசியோடு வெளியே வந்துவிடும். உயிர்களின் கொழுப்பில் போய்ச் சேரும். புழு, மீன், கொக்கு, பருந்து என்று மேலே போகப் போக அளவு கூடும். பெட்டை தன் கொழுப்பை மஞ்சள் கருவில் இறக்கும்போது இதுவும் கூடவே இறங்கும். பறவையைப் பிடிக்கவே வேண்டாம், பொரிக்காத கூமுட்டை ஒன்று போதும், கணக்குத் தெரிந்துவிடும்.

ஸ்வீடனில் காட்டுப் பொரி வல்லூறின் முட்டையில் இது ஏராளமாக இருந்தது. கூண்டில் கோழிக்கறி தின்று வளர்ந்த வல்லூறின் முட்டையில் மிகக் குறைவு. கனடாவில் சிறு வல்லூறுகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது முட்டையிடுவது தள்ளிப்போனது, ஓடும் மெலிந்தது.

கோழிக்கு வராதா? 1973இல் அமெரிக்காவின் மிச்சிகனில் மூட்டை மாறி, இதே குடும்பத்து ரசாயனம் ஒன்று கால்நடைத் தீவனத்தில் கலந்துவிட்டது. சுமார் 15 லட்சம் கோழிகளையும் 50 லட்சம் முட்டைகளையும் அழித்தார்கள். மாடுகள் தனிக் கணக்கு. ஒரு கால்நடை மருத்துவனுக்கு இதைப் படித்தால் வயிறு கலங்கும்.

பி.பி.டி.இ.யின் சில வகைகளை, நச்சு ரசாயனங்களை ஒழிக்க உலக நாடுகள் போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2009இலும், டெகா என்ற இன்னொரு வகையை 2017இலும் தடைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் இவற்றில் சில வகைகளுக்கு 2018இல் விதி வந்தது. ஆனால் அதற்கு முன் செய்த சீட்டும் டிவியும் இன்னும் காயலான் கடையில்தானே கிடக்கின்றன! ஓசூர்ப் பக்கம் ஒயரை எரித்துச் செம்பு எடுத்த சாம்பலில் கோழிகள் கிளறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முட்டையை நான் வாங்க மாட்டேன்.

எந்த ஸ்பாஞ்சில் இந்த ரசாயனம் இருக்கிறது என்று நிறத்தையோ வாசனையையோ வைத்துச் சொல்ல முடியாது. அதனால் எந்த ஸ்பாஞ்சையும் கூட்டில் போடாதீர்கள்.

"அப்போ அடுப்புல போட்டுடவா சார்?" என்றார் அம்மா.

"ஐயோ, எரிச்சா இன்னும் மோசம்மா. கோணியில கட்டி, குப்பை வண்டி வந்தா குடுத்துடுங்க."

வேறு கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு முட்டைகளை மாற்றினோம். கோழி என் கையை இரண்டு கொத்து கொத்திவிட்டுத்தான் உட்கார்ந்தது.