பழைய கேஸ்கெட்டைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள்

லாரி இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி இறக்கியதும் பட்டறைப் பையன்கள் தேடுவது கம்ப்ரெசர் ஹோஸைத்தான். கீழே இருக்கும் பிளாக்கில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டை (கசியாமல் இருக்க இரண்டுக்கும் நடுவே வைக்கும் அட்டை) ஹாக்சா பிளேடால் கரகரவென்று சுரண்டி, ஒரு காற்று அடித்தால் வேலை முடிந்தது. நாமக்கல்லில் தொழில் பழகிய காலத்தில் நானும் அப்படித்தான். தூசி பறக்கும், தும்முவோம், டீ குடிக்கப் போய்விடுவோம்.

பழைய லாரிகளில், முக்கியமாகச் சூடு தாங்கவேண்டிய ஹெட், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு கேஸ்கெட்டுகளில், ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் போய்த் தங்கினால் லேசில் வெளியே வராது. புற்றுநோயாகத் தலைகாட்ட 20, 30, 40 வருஷம்கூட ஆகலாம். ‘எனக்கு ஒண்ணும் ஆகலையே’ என்ற பேச்சு நம் தொழிலில் எடுபடுவது அதனால்தான். பிரிட்டன் 1999-இலேயே தடை செய்துவிட்டது. நம் நாட்டில் இன்னும் முழுத்தடை கிடையாது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பழசு எல்லாவற்றிலும் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

செய்வது இவ்வளவுதான். சிலிண்டர், ஆயில் துவாரம், போல்ட் ஓட்டை எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைக் கேஸ்கெட் மேல் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். அப்புறம் பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினால், மழையில் ஊறிய சுவரொட்டி மாதிரி பட்டை பட்டையாக வரும். ஈரம் காய்வதற்குள் வழித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிவிட வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்த நாருக்குத் தடையே இல்லை.

டைமிங் கவர் போன்ற அலுமினியப் பாகங்களில் இரும்பு பிளேடு வேண்டாம், கீறல் விழுந்து ஆயில் கசியும். அங்கே பிளாஸ்டிக் சுரண்டிதான். கேஸ்கெட்டுக்குப் பதில் பூசியிருக்கும் சிலிக்கான் பேஸ்டை ஓரத்தில் கிளப்பிவிட்டு விரலால் இழுத்தாலே பாதி வந்துவிடும்.

கிரைண்டரில் உரசும் டிஸ்க்கை மாட்டுகிறவர்களுக்கு என் பட்டறைக் கதை ஒன்று. அவசரத்துக்கு ஒரு பையன் பிளாக்கை அப்படித்தான் பளபளவென்று ஆக்கினான். வண்டி ஒரே வாரத்தில் கட்டியிழுத்து வந்தது. டிஸ்க்கிலிருந்து உதிர்ந்த பொடி ஆயிலோடு ஓடி, கிராங்க் என்ற சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஷெல் முழுக்கக் கோடு போட்டிருந்தது. கிராங்கைக் கிரைண்டிங்குக்கு அனுப்பிய செலவு என் தலையில்.

ஒன்று மறக்கக்கூடாது. அடைத்தும் போல்ட் ஓட்டையில் தண்ணீர் இறங்கியிருந்தால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். தண்ணீர் நின்ற ஓட்டையில் ஹெட் போல்ட்டை முறுக்கினால் பிளாக்கே விரிசல் விடும்.

இப்போது ஹெட் வேலை முடிந்ததும் பட்டறையிலேயே குளித்து, சட்டை மாற்றிவிட்டுத்தான் கிளம்புகிறோம். அழுக்குச் சட்டை வீட்டுத் துணியோடு சேர்வதில்லை. கம்ப்ரெசர் ஹோஸ் டயர் கழற்றும் பக்கம் போய்விட்டது. பையன்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.