ஆவரேஜ் பேக்கேஜ் 8 லட்சமாம்

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு இன்ஜினியரிங் காலேஜ் நோட்டீஸை எடுத்துட்டு வந்தாங்க. "தம்பி, ஆவரேஜ் பேக்கேஜ் 8 லட்சம்னு போட்டிருக்கான், என் பையனுக்கு அதுல பாதி கிடைச்சாக்கூட போதும்டா"ன்னாங்க.

அந்த காலேஜோட முழு லிஸ்ட் என்கிட்ட இல்ல, அதனால நோட்டீஸ் பின்னாடியே சும்மா ஒரு கணக்கு போட்டேன். 11 பசங்க, வருஷ சம்பளம் லட்சத்துல: 3, 3, 3.5, 3.5, 3.5, 4, 4, 4.5, 5, 5, கடைசியா வெளிநாட்டு வேலை கிடைச்ச ஒருத்தனுக்கு 49. கூட்டினா 88, பதினொண்ணால வகுத்தா சரியா 8. ஆனா 8 லட்சம் பக்கத்துல ஒருத்தன்கூட இல்ல, பத்து பேர் அஞ்சுக்குள்ளதான் நிக்கறாங்க. வரிசையா நிறுத்தி நடுவுல இருக்கறவனைப் பார்த்தா, ஆறாவது ஆளு, 4 லட்சம். அதுதான் மீடியன். அந்த 49-ஐ 90 ஆக்கினாலும் மீடியன் அசையாது, ஆவரேஜ் மட்டும் 11-ஐத் தாண்டிடும். ஆவரேஜ் போட்டவன் பொய் சொல்லல, அதான் இதுல கடுப்பு.

இதுக்காக ஆவரேஜே தப்புன்னு நினைச்சிடாதீங்க. நான் பார்க்கறது இன்சூரன்ஸ் கிளெய்ம் டேட்டா, அங்கயும் இதே கதைதான், நிறைய சின்ன பில்லு, நடுவுல நாலஞ்சு ஐசியு பில்லு வந்து மொத்தத்தையும் தூக்கிடும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல மீடியன்தான் நேர்மைன்னு நம்பி ரிப்போர்ட்ல அதை மட்டும் போட்டுட்டுப் போனேன். "இதை கிளெய்ம் எண்ணிக்கையால பெருக்கினா நாம கட்டப்போற மொத்தப் பணம் வருமா?"ன்னு மேனேஜர் கேட்டார். வராது. பெரிய பில்லையும் நாமதானே கட்டணும், பிரீமியம் போட ஆவரேஜ்தான் வேணும். மொத்தம் எவ்வளவு ஆகும்னா ஆவரேஜ், நடுத்தரமா ஒருத்தருக்கு என்ன கிடைக்கும்னா மீடியன்.

அக்கா கேட்டது ரெண்டாவது கேள்வி. என்ஐஆர்எஃப்ங்கற மத்திய அரசோட ரேங்கிங்குக்கு காலேஜ்கள் கொடுக்கற டேட்டா பிடிஎஃப்பா நெட்லயே கிடைக்கும், எத்தனை பேர் படிச்சு முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேல்படிப்பு, மீடியன் சம்பளம், எல்லாம் அதுல இருக்கு. அதைத் தேடிப் பாருங்கன்னு சொன்னேன்.

ஒண்ணு கவனிங்க, அந்த மீடியன் வேலை கிடைச்சவங்களுக்கு மட்டும்தான். 120 பேர் முடிச்சு 60 பேருக்குத்தான் வேலைன்னா, மீடியன் 4 லட்சம்ங்கறது அந்த 60-ல பாதி பேர் நாலோ அதுக்கு மேலயோ வாங்கறாங்கன்னு மட்டும்தான் சொல்லும். அதாவது 120-க்கு சுமார் 30 பேர்.