அடுப்பில் வெடிக்கும் கல் உப்பு

திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் கல் உப்பு படபடவென்று வெடிக்கிறதே, பொடி உப்பு ஏன் அப்படி வெடிப்பதில்லை என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கண் பட்ட அளவுக்குச் சத்தம் கூடும் என்பது அவருடைய மாமியாரின் விளக்கமாம்.

சரி, பதிலுக்கு வேதாரண்யம் வரை போக வேண்டும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி உப்பு அள்ளிய கடற்கரை ஊர். இன்றும் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளங்கள்தான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். பாத்திகளில் வற்ற விட்டால் முதலில் சுண்ணாம்பும் அப்புறம் ஜிப்சமும் படியும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டியதும் சமையல் உப்பு பிறக்கும். கசக்கும் மெக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே நிற்பதால், அந்த நீரை வடித்துவிடுவார்கள்.

காற்று அடங்கிய மதியத்தில் பாத்தியோரம் குனிந்து பாருங்கள். கடுகளவு சதுர வில்லைகள் நீர்மேல் மிதக்கும். உப்பு நீரைவிடக் கனம்தான்; ஆனாலும் பரப்பு இழுவிசை தாங்கிக்கொள்கிறது. எடை ஏற ஏற வில்லை ஒரு மயிரிழை கீழே இறங்கும். நீர் ஆவியாவது மேற்பரப்பில் என்பதால், புது உப்பு மேல் விளிம்பில்தான் வந்து ஒட்டும். மறுபடி இறக்கம், மறுபடி ஒரு விளிம்பு, முந்தையதைவிடச் சற்று அகலமாக. கடைசியில் பார்த்தால் உளுந்தளவில் ஒரு தெப்பக்குளம்! வாய் அகலம், உள்ளே நான்கு பக்கமும் படிக்கட்டு, அடி குறுகல். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

காற்றடித்தால் குளம் மூழ்கிவிடும். அடியில் கிடந்தபடி வளரும்போதும் மூலைகளும் விளிம்புகளுமே முந்துகின்றன. நடுப்பள்ளம் மூடிக்கொள்ளும்போது கொஞ்சம் உப்புநீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கல் உப்பை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெண்மூட்டமாகத் தெரிவதில் பெரும்பகுதி இந்த நுண்ணிய நீர்ப்பொட்டுகள்தான்.

அடுப்பில் போட்டதும் அந்த நீர் ஆவியாகி, விரிய இடமில்லாமல் படிகத்தைப் பிளக்கிறது. அதுதான் அந்தப் ‘பட்’. பொடியாக அரைத்த உப்பில் அந்த அறைகள் பெரும்பாலும் முன்பே உடைந்திருக்கும்.

மாமியாரோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரே பையிலிருந்து இரண்டு பிடி எடுத்து, ஒன்றை மட்டும் யாரையும் சுற்றாமல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். உப்பு தெறித்தால் நிஜமாகவே கண்ணில் படும்.