அம்மம்மாவின் அறைக்கு வயர் இல்லாத ரீவி

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்களுடையது பழைய நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள், சுண்ணாம்புக்கல்லில் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். றூட்டர் முன் விறாந்தையில் இருந்தது. முழங்கால் வலியால் அம்மம்மா பின் அறையோடு ஒதுங்கியதும் ரீவியையும் அங்கே கொண்டுபோய் வைத்தோம். வெயில் காலம் முழுக்க ஒழுங்காக ஓடியது. மாரி பிறந்ததும் இரண்டு நிமிடம் படம், பிறகு நடுத்திரையில் வட்டம். “மோனை, உது ஏன் செக்கு மாதிரிச் சுத்திக்கொண்டு நிக்குது?” என்று கேட்டார்.

இணையத்திலிருந்து வரும் படம் சில செக்கன் நீளமுள்ள துண்டுகளாகத்தான் வருகிறது. கிணற்றிலிருந்து இறைத்துத் தொட்டியை நிரப்புவதுபோல, ரீவி நாலைந்து துண்டுகளை முன்கூட்டியே சேர்த்துவைத்து அதிலிருந்து ஓட்டும். வரவு குறைந்தால் முதலில் தெளிவு குறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சமாளிக்கும். முகங்கள் திடீரென்று மங்குவது அப்போதுதான். தொட்டியே வற்றினால் வட்டம். போனில் ‘காஸ்ட்’ அழுத்தினால் படம் போனிலிருந்து பாய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் போன் முகவரியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். ரீவி தானே றூட்டர் வழியாக இழுத்துக்கொள்ளும். ஆக, றூட்டருக்கும் ரீவிக்கும் இடையிலுள்ள நாற்பது அடியில்தான் எல்லாமே இருக்கிறது. தெளிவான படத்துக்கு விநாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். அதுகூட எங்கள் பின் அறைக்குப் போய்ச் சேரவில்லை.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்ரிமீற்றர்; 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு 6 சென்ரிமீற்றர். இரண்டாவது கூடுதல் வேகம், ஆனால் சுவரைக் கடக்கும்போது கூடுதலாகக் களைத்துப்போகும். அத்தோடு எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் துளை நிறைந்தது, மழையில் ஈரம் குடிக்கும். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் அப்படித்தான், அதுவும் 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் வேலைசெய்கிறது. ஆவணியில் ஓடிய ரீவி கார்த்திகையில் நின்றது இதனால்தான்.

சுவர் உறிஞ்சுவது போக, திருப்பி எறியவும் செய்யும். இது எங்கள் அப்பாமாருக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. 80களில் நீட்டுக் குழாயில் அன்ரனாவைக் கட்டி, ஓட்டில் ஏறி நின்று “இப்ப தெரியுதோ?” என்று கத்திக் கத்தி, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் தூரதர்ஷனைப் பிடித்தவர்கள் அவர்கள். சில நாட்களில் செய்தி வாசிப்பவருக்கு வலப்பக்கம் ஓர் ஆவி நிற்கும். நேராக வந்த அலைக்குப் பின்னால், எதிலோ பட்டுத் தெறித்த அதே அலை பிந்தி வருவதன் வேலை அது. அந்தக் கால ரீவி ஒரு வரியை இடமிருந்து வலமாக 52 மைக்ரோசெக்கனில் எழுதியது. எதிரொலி 300 மீற்றர் கூடுதலாகச் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோசெக்கன் பிந்தும். திரை அகலத்தில் 52இல் ஒரு பங்கு தள்ளி ஆவி நிற்கும்.

வீட்டுக்குள் தகவல் அனுப்பப் பார்த்தவர்களையும் இதே ஆவி பிடித்தது. வேகமாக அனுப்பினால் முந்திய எழுத்தின் எதிரொலி அடுத்த எழுத்தின்மேல் விழுந்து குழப்பும். தீர்வு கண்டவர்களுள் அவுஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்களும் உண்டு, அவர்களுடைய அமெரிக்கக் காப்புரிமை 1996இல் கிடைத்தது. குழுவிலிருந்த ஜோன் ஓசலிவன் றேடியோ வானியலாளர். வெடித்து மறையும் சிறு கருந்துளைகளின் துடிப்பைத் தேடியவர். அது அகப்படவில்லை, சிதறிய துடிப்பைத் திருத்தச் செய்த கணக்குத்தான் பின்னர் கைகொடுத்தது.

வழி இதுதான்: ஒரே அலையில் அவசரமாக ஓதுவதற்குப் பதில், 52 சிறு அலைகளில் ஒரே நேரத்தில் ஆறுதலாகச் சொல்வது. 1999ஆம் ஆண்டு வைஃபை தரநிலையில் ஒவ்வொரு குறியீடும் (மேலே சொன்ன ‘எழுத்து’) 4 மைக்ரோசெக்கன் நீளம். அதில் 0.8 மைக்ரோசெக்கன், எதிரொலிகள் அடங்குவதற்கு விட்ட இடைவெளி. அந்த நேரத்தில், ஒளியின் வேகத்தில் போகும் இந்த அலை 240 மீற்றர் போய்விடும். எங்கள் விறாந்தையிலிருந்து பின்மதிலில் பட்டுத் திரும்பினாலும் 80 மீற்றர் வராது. எனவே எதிரொலி குழப்புவதில்லை. சுவரில் பட்டுத் தெறித்து வருவதையும் றீசீவர் சேர்த்துக்கொள்ளலாம்.

இது தெரியாமல் நான் முதலில், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீற்றர் ஒன்றை வாங்கி ரீவிக்குப் பக்கத்திலேயே செருகினேன். முட்டாள்தனம். அங்கு வரும் சிக்னலே இழுபறி. அதைத்தானே அதுவும் திருப்பிச் சொல்லும்? மலிவான ரிப்பீற்றர் ஒரே காதும் வாயுமாக, கேட்டுவிட்டுப் பிறகு சொல்வதால் வேகமும் பாதியாகும்.

அப்புறம் சுவரை விட்டுவிட்டு முற்றத்தைப் பார்த்தேன். அலை தடையில்லாமல் நடக்க வீட்டுக்கு நடுவே திறந்த வெளி கிடக்கிறதே! றூட்டரை உள்விறாந்தைத் தட்டில், முற்றத்தைப் பார்க்க ஆறடி உயரத்தில் வைத்தேன். பின் அறை யன்னலை மறைத்து நின்ற இரும்பு அலுமாரியை மற்றப் பக்கம் தள்ளினோம். போனில் பார்த்த சிக்னல் அளவு, ரீவி இருக்கும் இடத்தில், −82இலிருந்து −61க்கு வந்தது. பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. 10 கூடினால் வலு பத்து மடங்கு.

அடைமழை நாட்களில் யன்னலைச் சாத்த வேண்டியிருப்பதால் ரீவியை 2.4இல் மாற்றிவிடுகிறேன். அப்போது குசினியில் மைக்ரோவேவ் ஓடினால் வட்டம் கொஞ்ச நேரம் திரும்பவும் சுற்றும். அதற்குள் அம்மம்மா ஒரு வாய் வெற்றிலை இடித்து முடித்துவிடுவார்.