கார்பனேற்றமும் கெமிக்கலும்: சாந்துக்கு நல்லது, கம்பிக்கு?

இருபது ஆண்டுப் பழைய வீடு ஒன்றின் போர்டிகோ தூணில் பூச்சு உப்பி, கம்பி வெளியே தெரிவதாகச் சொல்லி அண்மையில் அழைத்திருந்தார்கள். புதிதாக உடைத்த முகத்தில் தூசியைத் துடைத்துவிட்டுப் காரத்தன்மை உள்ள இடத்தில் மட்டும் நிறம் மாறும் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தேன். உட்பகுதி நல்ல ரோஜா நிறமாக மாறியது. வெளிப்புறத்திலிருந்து கம்பியைத் தாண்டும் வரை நிறமே ஏறவில்லை.

நிறம் ஏறாத இடம் கார்பனேற்றம் அடைந்த இடம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, நுண்துளை ஈரத்தில் கரைந்து, சிமென்ட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றும்போது, 12.5-க்கு மேலிருந்த பி.எச். (காரத்தன்மை) அளவு 9-க்கும் கீழே இறங்கி, கம்பியைக் காத்துவந்த மெல்லிய படலம் அழிந்துவிடுகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, தூணில் கேட்கும் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) 40 மி.மீ.; அங்கே இருந்ததோ 15 மி.மீ. மட்டுமே.

இதே வினை கம்பியில்லாத இடத்தில் நமக்கு உதவுகிறது. சுண்ணாம்புச் சாந்து கெட்டிப்படுவதே இவ்வழியில்தான். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த நம் பழைய சாந்தும் அப்படி இறுகியதே. பேவர் பிளாக், சாலிட் பிளாக் ஆகியவற்றை வார்த்த சில மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய மூடிய அறையில் வைத்தால், விளையும் கார்பனேட் துளைகளை அடைத்து, தொடக்க வலுவை விரைவாகக் கூட்டும்.

கான்கிரீட்டிலும் சாந்திலும் கலக்கும் கெமிக்கல் விஷயத்தில்தான் தளத்தில் அதிகம் தவறு நடக்கிறது. சூப்பர் பிளாஸ்டிசைசர் சிமென்ட் துகள்களைப் பிரித்து, குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக்குகிறது. அந்தத் தண்ணீரைக் குறைப்பதில்தான் பலனே இருக்கிறது. கெமிக்கலை ஊற்றிவிட்டு, கரண்டிக்கு வாகாக வரட்டும் என்று கொத்தனார் இன்னொரு வாளித் தண்ணீரைச் சேர்த்தால், செலவழித்த பணம் அந்த வாளியிலேயே கரைந்துபோகிறது. எம்.சாண்டில் களிமண் தூசி அதிகமிருந்தால், அது கெமிக்கலை உறிஞ்சிவிடும் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். வாட்டர்ப்ரூஃப் கலவை எதுவானாலும் டப்பாவில் எழுதிய அளவை மீறாதீர்கள்.

சீக்கிரம் இறுகுவதற்காகக் கால்சியம் குளோரைடு கலந்த கெமிக்கலைக் கம்பிக்கு அருகில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சிமென்ட் பிடித்து வைத்திருந்த குளோரைடையும் கார்பனேற்றம் விடுவித்துவிடுவதால், இரண்டும் சேர்ந்தால் துரு மிக வேகமாகப் பரவும்.

அந்தத் தூணில் கம்பியின் பின்புறம் வரை உடைத்தெடுத்து, துருவைச் சுரண்டி, மறுபடியும் கரைசலைத் தெளித்து, சுற்றிலும் நிறம் ஏறுவதைப் பார்த்த பிறகே பாலிமர் சாந்தை ஏற்றச் சொன்னேன்.