சிடி டிரைவ் மோட்டார் ஏன் பேட்டரியில் சுற்றாது?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் வாசகர் ஒருவர் படத்தோடு கேட்டிருந்தார்: "பழைய சிடி டிரைவை உடைத்து மோட்டாரை எடுத்தேன். ரிமோட் விமானத்தில் போடலாம் என்று அண்ணன் சொன்னான். காயிலிலிருந்து மூன்று கம்பி வருகிறது. எந்த இரண்டைப் பேட்டரியில் வைத்தாலும் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறது. தட்டை வெளியே தள்ளுகிற சின்ன மோட்டார் மட்டும் நன்றாகச் சுற்றுகிறது. பெரியது செத்துவிட்டதா சார்?"

சாகவில்லை தம்பி. துள்ளுகிறதே, அதுதான் உயிர் இருப்பதற்கு அடையாளம்.

அண்ணன் சொன்னதும் சரிதான். 2000-களின் தொடக்கத்தில், பிரஷ் இல்லாத மோட்டார்கள் யானை விலை விற்ற காலத்தில், வெளிநாட்டு விமானப் பிரியர்கள் இந்தச் சிடி மோட்டாரைப் பிரித்து, காந்தத்தை மாற்றி, புதிதாகக் காயில் கட்டிப் பறக்க விட்டார்கள். இன்று ட்ரோன்களில் சுற்றுகிற மோட்டாரும் அடிப்படையில் இதே சாதிதான்.

தட்டைத் தள்ளும் சின்ன மோட்டார் ஏன் சுற்றுகிறது? பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். உள்ளே அச்சோடு உரசி மின்சாரம் கொடுக்கும் பிரஷ், அச்சு திரும்பத் திரும்ப மின்சாரத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பெரிய மோட்டாரில் பிரஷ் கிடையாது. நடுவில் அசையாத இரும்பு, அதில் பெரும்பாலும் ஒன்பது பற்கள், ஒவ்வொரு பல்லிலும் செப்புக் கம்பி. வெளியே கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி; அதன் உட்சுவரில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று பன்னிரண்டு காந்த முனைகள். மூடிதான் சுற்றும். 1, 4, 7 ஆகிய பற்கள் ஒரு கம்பி. 2, 5, 8 இன்னொன்று. 3, 6, 9 மூன்றாவது. அவ்வளவுதான் கட்டமைப்பு.

ஆட்டுக்குக் குழை காட்டிக் கூட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். குழையைக் கையில் பிடித்துக்கொண்டு நாம் முன்னால் நடக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ஆடு வந்து இலையைப் பிடிக்கும், நிற்கும். இரண்டு கம்பியைப் பேட்டரியில் வைத்தபோது நடந்தது இதுதான். இரும்புப் பல் காந்தமானது, மூடி அதை நோக்கி ஒரு துள்ளு துள்ளியது, போய்ச் சேர்ந்ததும் நின்றுவிட்டது. குழை நகரவில்லையே! அடுத்த ஜோடிக் கம்பிக்கு மின்சாரத்தை மாற்றினால் இன்னொரு துள்ளு. ஆறு விதமாக மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைக் கையால் செய்ய முடியாது. நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150. பன்னிரண்டு முனை என்பது ஆறு வடக்கு-தெற்கு ஜோடி; ஆகவே ஒரு சுற்றுக்கு ஆறு ஆறு முப்பத்தாறு மாற்றம். நொடிக்கு 5,400 முறை. விமானத்தில் அந்த வேலையைச் செய்வது இ.எஸ்.சி. (எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோலர்) என்ற விரல் நீளச் சர்க்யூட்.

ஆனால் வேகமாக மாற்றினால் மட்டும் போதாது. குழை ரொம்ப முன்னால் போய்விட்டால் ஆட்டுக்கு ஆசை விட்டுப்போகும். எனவே ஆடு எங்கே வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். சிடி டிரைவில் அதைப் பார்ப்பதற்கென்றே பற்களுக்கு நடுவே ஹால் சென்சார் என்ற மிளகு அளவு சில்லுகள் பதித்திருப்பார்கள். விமானத்துக்கு எடுக்கும்போது அவற்றைப் பிய்த்துப் போட்டுவிடுகிறோம். இ.எஸ்.சி.-யிலிருந்து மோட்டாருக்குப் போவது மூன்றே கம்பிதான், தகவல் கொண்டுவர நான்காவது கம்பி இல்லை. பிறகு எப்படித் தெரிகிறது?

எனக்கு இந்த மோட்டாரிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. ஆட்டின் கழுத்தில் மணி கட்டியிருக்கிறது. நாம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், காதைக் கொடுத்தால் போதும்.

மூன்று கம்பியில் ஒரு நேரத்தில் இரண்டில்தான் மின்சாரம் ஓடுகிறது, மூன்றாவது சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் அந்தக் காயிலுக்கு எதிரேயும் காந்தங்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? காயிலருகே காந்தம் ஓடினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். அந்த மின்னழுத்தம்தான் மணி. காந்தத்தின் இருப்பிடத்தைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஏறும்போதோ இறங்கும்போதோ பேட்டரி மின்னழுத்தத்தின் சரிபாதியைக் கடக்கும் ஒரு கணம் வரும். இ.எஸ்.சி. காத்திருப்பது அந்தக் கணத்துக்குத்தான். கடந்ததா? போன தடவை கடந்ததற்கும் இதற்கும் எவ்வளவு நேரம் என்று பார்க்கிறது, அதில் பாதி நேரம் பொறுக்கிறது, அடுத்த ஜோடிக்கு மாற்றுகிறது. இப்போது வேறொரு கம்பி சும்மா இருக்கும், காது அதற்குப் போகும். வேலை செய்யாத கம்பிதான் சென்சார்!

ஆடு நின்றுகொண்டிருந்தால் மணி ஒலிக்காது. ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் குச்சியான த்ராட்டிலைத் தொட்டதும் இந்த மோட்டார்கள் ஒரு கணம் உதறிவிட்டுப் பிறகு சீராக ஓடுவது அதனால்தான். முதல் சில அடிகள் குருட்டாம்போக்கு. மணிச்சத்தம் கேட்டதும் பிடித்துக்கொள்கிறது.

இந்த மணிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பேட்டரிக்கு எதிராக நிற்கிற மின்னழுத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடும், கம்பியில் ஓடும் மின்சாரம் குறையும். பேட்டரியை ஏறக்குறைய எட்டிப் பிடிக்கும் இடத்தில் வேகம் ஏறுவது நின்றுவிடும். காயில் கட்டும் சூட்சுமம் முழுக்க இதில்தான். வலுவான காந்தம் போட்டால் அதே வேகத்தில் மணி பலமாக ஒலிக்கும், ஆகவே பல்லில் கட்டும் கம்பிச் சுற்றைக் குறைக்கலாம். சுற்று குறைந்தால் அதே இடத்தில் தடித்த கம்பி கொள்ளும். தடித்த கம்பியில் தடை குறைவு, ஆம்பியர் தாராளமாக ஓடும், இழுவை கூடும். சிடியைச் சுழற்றப் பிறந்த மோட்டார் விமானத்தை இழுக்கும் மோட்டார் ஆகிவிடுகிறது.

என்னுடையதில் 0.5 மி.மீ. கம்பி, பல்லுக்கு 20 சுற்று. எங்கள் தெருவில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணாச்சியிடம்தான் கம்பி வாங்கினேன். என் கட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூங்கில் குச்சியால் சுற்றுகளை அழுத்தி வரிசையாக உட்கார வைக்கக் காட்டிக்கொடுத்தார். பிறகு நியோடிமியம் என்ற உலோகம் கலந்த வலுவான காந்தங்கள், 5 × 5 × 1 மி.மீ., பன்னிரண்டு. ஒட்டும்போது பக்கத்துக் காந்தம் துள்ளி வந்து இதன் முதுகில் ஏறிக்கொள்ளும்; பசையும் விரலும் ஒன்றாகிவிடும். வடக்கு முனைகளில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். கழன்று பறந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். மூடி சுற்றும்போது காந்தங்கள் சுவரோடுதான் அழுந்தும். எட்டு அங்குல விசிறி, மூன்று செல் லிப்போ (லித்தியம்-பாலிமர்) பேட்டரி, ஏழு ஆம்பியர். சமையலறைத் தராசில் சுமார் 300 கிராம் இழுவை காட்டியது. 450 கிராம் தெர்மோகோல் விமானத்துக்கு அது போதும்.

அதே மோட்டாரை நானே எரித்தும் இருக்கிறேன். தரையிறங்கும்போது விமானம் கோரைப்புல்லில் மூக்கைக் குத்தியது. பதற்றத்தில் த்ராட்டிலைக் குறைக்க மறந்துவிட்டேன். விசிறி நின்றுவிட்டால் மணி இல்லை. மணி இல்லாவிட்டால் மின்சாரத்தை எதிர்த்து நிற்க ஆளும் இல்லை. வார்னிஷ் கருகும் வாசனை ஒரு வாரம் பெட்டியை விட்டுப் போகவில்லை.

'இலவச மின்சாரம்' வீடியோக்காரர்களையும் இங்கே இழுத்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்க் காந்தத்தை விசிறிக்குப் பக்கத்தில் வைத்தால் கரன்ட் இல்லாமல் பல்பு எரியுமாம், லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். உங்கள் சிடி மோட்டாரின் மூன்று கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு மூடியைக் கையால் சுற்றிப் பாருங்கள், தேனுக்குள் சுற்றுகிற மாதிரி இழுக்கும். கம்பிகளைப் பிரித்துவிட்டால் லேசாகிவிடும். காயிலிலிருந்து மின்சாரம் எடுத்தால் கை அதற்கு விலை கொடுக்கிறது. அந்த வீடியோக்களில் விலை கொடுப்பது மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பேட்டரி.

காந்தம் என்றதும் ஓர் ஆதங்கம். நியோடிமியம் அடங்கிய மோனசைட் மணல் நம் கன்னியாகுமரிக் கடற்கரையில் கிடக்கிறது, மணவாளக்குறிச்சியில் அந்த மணலைப் பிரிக்க மத்திய அரசின் ஆலையே இருக்கிறது. ஆனால் நான் ஒட்டிய பன்னிரண்டு துண்டும் சீனாவிலிருந்து வந்தவை. 2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நம் வாகன ஆலைகள் கையைப் பிசைந்தன. மணலைக் காந்தமாக்கும் ஆராய்ச்சிக்கு இருபது வருடம் முன்பே பணத்தைக் கொட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, மற்ற பழைய சாமான்கள். லேப்டாப் பேட்டரியில் இருக்கும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்களை விமானத்தில் போடாதீர்கள். ஒவ்வொன்றும் 45 கிராம் கனம், ஏழு ஆம்பியர் கேட்டால் மூச்சு வாங்கும். நல்ல நிலையில் இருந்தால் கையிலிருக்கும் ரிமோட்டுக்கு ஆகும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் 12 வோல்ட், பேட்டரி சார்ஜருக்கு அருமையான ஊற்று. உடைந்த குடைக்கம்பி வாலை அசைக்கும் இணைப்புக் கம்பியாகும். ஹார்ட் டிஸ்க் காந்தத்தை அறுத்துப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள்; கூடாது, சில்லுசில்லாக உடையும், தூள் தீப்பிடிக்கும். ரிமோட்டின் கட்டளையை விமானத்தில் வாங்கும் ரிசீவரையும் இ.எஸ்.சி.-யையும் மட்டும் புதிதாக வாங்குங்கள், பொம்மைக் காரின் ரிமோட்டை நம்பி வானத்தில் எதையும் விடாதீர்கள்.

இவ்வளவும் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து பதில்: "சார், சுற்றுகிறது! ஆனால் காற்று முன்பக்கம் அடிக்கிறது." மூன்றில் எந்த இரண்டு கம்பியை வேண்டுமானாலும் இடம் மாற்றிப் போடு என்றேன். தோட்டத்துத் த்ரீ-ஃபேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் செய்வதும் இதையேதான்.