ஏழரை டன் கோடு: உங்கள் லைசென்ஸில் எந்தெந்த வண்டி அடங்கும்?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றி வரும் குட்டியானையை, வீட்டுக் கார் ஓட்டுவதற்காக எடுத்த லைசென்ஸோடு ஒருவர் ஓட்டலாமா? ஓட்டலாம். இந்த ஒரு சொல் பதிலுக்காக நீதிமன்றங்களில் வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன. இன்றும் ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள்.

முதலில் உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். எண்ணின் தொடக்கத்தில் இருக்கும் டி.என். 58, 59, 64 ஆகியவை மதுரை தெற்கு, வடக்கு, மத்திய வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களைக் குறிப்பவை. எந்த வண்டி ஓட்டலாம் என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அதைச் சொல்வது வாகன வகை என்ற கட்டம்தான். அங்கே எம்.சி.டபிள்யூ.ஜி. என்றிருந்தால் கியர் உள்ள இருசக்கர வாகனம். அதை வைத்திருப்பவர் கியர் இல்லாத ஸ்கூட்டரையும் ஓட்டலாம். நடுவில் ஓர் 'ஓ' சேர்ந்து எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி. என்றிருந்தால் கியர் இல்லாதது மட்டும். எல்.எம்.வி. என்றால் இலகுரக வாகனம். டிரான்ஸ் என்றிருந்தால் போக்குவரத்து வாகனம், அதாவது வாடகைக்கு ஆளை ஏற்றும் வண்டியும் சரக்கு ஏற்றும் வண்டியும்.

குழப்பம் முழுவதும் கடைசி இரண்டுக்கும் இடையில்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சரக்கோடும் ஆட்களோடும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டி இலகுரக வாகனம். அந்த வரையறை போக்குவரத்து வாகனத்தையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. ஆனால் அதே சட்டத்தின் வேறொரு பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டத் தனி அனுமதி வேண்டும் என்கிறது. மஞ்சள் எண் பலகை வைத்த சிறு வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனங்கள் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டன. ஓட்டுநரிடம் உரிய லைசென்ஸ் இல்லை, இழப்பீடு தர முடியாது என்று வாதிட்டன.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இலகுரக லைசென்ஸே போதும் என்றது. அதிலும் ஐயம் எழுப்பப்பட்டு, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு வழக்கு போனது. 2024 நவம்பர் 6 அன்று அந்த அமர்வும் அதையே உறுதி செய்தது: மொத்த எடை ஏழரை டன்னுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை. இ-ரிக்‌ஷாவுக்கும் அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிக்கும் உள்ள தனி விதிகள் மட்டும் அப்படியே தொடரும். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களின் வயிற்றில் பால் வார்த்த தீர்ப்பு இது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே வண்டியின் உருவத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆர்.சி.யில் மொத்த எடை என்ன என்று பாருங்கள். குட்டியானை, மேலூர்ச் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் பிக்கப், கல்யாண வீட்டார் வாடகைக்குப் பிடிக்கும் வேன்களில் பலவும் கோட்டுக்கு இந்தப் பக்கம். பெரிய லாரியும் பெரியார் நிலையத்துக்கு வரும் நகரப் பேருந்தும் அந்தப் பக்கம். லாரியில் நடுத்தர ரகம் என்று விற்கப்படுபவற்றில் 7,500ஐத் தாண்டியவையும் உண்டு. கவனம் தேவைப்படுவது அங்கேதான். டிராக்டருக்குக் கணக்கு வேறு: சரக்கில்லாத வெறும் எடை மட்டுமே பார்க்கப்படும். வாடிப்பட்டி வயல்களில் ஓடும் எந்த டிராக்டரும் அந்த அளவை நெருங்காது.

கோட்டைத் தாண்டிய வண்டிக்கு வழி நீளம். இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். வயது 20 நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, பயிற்சிப் பள்ளிச் சான்று, மறுபடியும் எல்.எல்.ஆர்., அதன்பின் தேர்வு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதைச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

இருசக்கர வண்டிக்கு வருவோம். பதினாறு வயதானால் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. சட்டம் சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும். அப்படிப்பட்ட பெட்ரோல் வண்டி இன்று ஷோரூமில் கிடைப்பதே அரிது. தோட்டத்துக்குப் போய்வரும் எக்ஸ்எல் 100கூட அதன் இரு மடங்கு திறன் கொண்டது. ஆகவே பிளஸ் டூ படிக்கும் பிள்ளை டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போவது அநேகமாகச் சட்டத்துக்கு வெளியேதான். பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், மோட்டார் திறன் 250 வாட்டுக்குள் அடங்கும் சிறு மின்சார வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை. மற்ற மின்சார ஸ்கூட்டர்களுக்குக் கட்டாயம் தேவை.

வகை பொருந்தாமல் ஓட்டுவதும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. ஓட்டியவருக்கு 5,000 ரூபாய், வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம். அதையாவது கட்டிவிடலாம். விபத்தில் ஓர் உயிர் போயிருந்தால், காப்பீட்டு நிறுவனம் குடும்பத்துக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். தொகை லட்சக்கணக்கில் வரும். வீடும் நிலமும் அதில் போய்விடலாம். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் அவருடைய கார்டை வாங்கி இரு பக்கமும் படித்துப் பார்ப்பது நல்லது.

காலாவதித் தேதியையும் பாருங்கள். முப்பது வயதுக்குள் எடுத்தவருக்குச் சொந்த உபயோக லைசென்ஸ் நாற்பது வயது வரை செல்லும்; முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் எடுத்தால் பத்தாண்டு. போக்குவரத்து வகைக்கு ஐந்தாண்டு, அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிக்கு மூன்றாண்டு. முன்பு காலாவதியான பிறகு முப்பது நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தோடு அது போய்விட்டது. முடிவதற்கு ஓராண்டு முன்பே சாரதி இணையதளத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டுக்கு மேலானால் மறுபடியும் மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும்.